அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு மவுண்டன் பைக் பந்தயம்: முதல் சீசனில் சேரும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மவுண்டன் பைக் பந்தயம் நடத்தும் அமைப்பு நேஷனல் இன்டர்ஸ்காலஸ்டிக் சைக்கிளிங் அசோசியேஷன். சுருக்கமாக என்ஐசிஏ. பல மாநிலங்களில் அதற்கு லீக்குகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மட்டும் வடக்கே நார்கால், தெற்கே சோகால் என்று இரண்டு. இங்கே ஆள் பொறுக்குவதும் கிடையாது, பெஞ்சில் உட்கார வைப்பதும் கிடையாது. பதிவு செய்த பிள்ளை எல்லாப் பந்தயத்திலும் ஓட்டலாம். பந்து விளையாட்டுகளில் மனம் ஒட்டாத பிள்ளைகள் இதில் ஆசையாக நிலைத்துவிடுவதற்கு அதுவே பெரிய காரணம். அப்பா அம்மாவும் கூடவே ஓட்டலாம் என்பது இன்னொரு வசதி.

உள்ளே நுழைவதுதான் குழப்பம். எப்போது பதிவு திறக்கும், யாரிடம் கேட்பது, எந்த சைக்கிள் வாங்குவது என்பதெல்லாம் ஏற்கெனவே இருப்பவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. புதிதாக வருபவருக்கு யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. பெயர், விசா காரணமாக நம் குடும்பங்களுக்குக் கூடுதல் சிக்கலும் உண்டு. செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். இடங்களுக்கு சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரமான பே ஏரியாவை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றவை எங்கும் பொருந்தும்.

1. முதலில் காலண்டர்

உங்கள் லீக் எந்தப் பருவத்தில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள். யூட்டா, மினசோட்டா போன்ற பெரும்பாலான லீக்குகளுக்கு இலையுதிர் காலம்தான் சீசன். ஜூலையில் பயிற்சி தொடங்கும், ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் முதல் பந்தயம் வரும், அக்டோபர் வாக்கில் முடியும். கலிஃபோர்னியாவில் வசந்த காலம். குளிர்காலத்தில் பயிற்சி ஆரம்பித்து, மே மாதம் மாநிலப் போட்டியோடு முடியும்.

ஊருக்குப் போகும் டிக்கெட்டைப் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஜூன், ஜூலை முழுக்க இந்தியாவில் இருந்துவிட்டு ஆகஸ்டில் திரும்பினால், இலையுதிர் லீக்கில் அடிப்படைப் பயிற்சி முடிந்திருக்கும். கலிஃபோர்னியாவில் டிசம்பர் விடுமுறைப் பயணம் அதே வேலையைச் செய்யும். போகவே கூடாது என்று சொல்லவில்லை. தேதிகளை முன்கூட்டியே தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டால், விட்டுப்போனதை எப்படி ஈடுகட்டுவது என்று அவர் யோசித்து வைப்பார்.

பயிற்சி தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நான்கு மாதம் முன்பே அணியைத் தொடர்புகொள்ள வேண்டும். மூன்று மாதம் இருக்கும்போது சைக்கிள் கையில் இருக்க வேண்டும். பதிவு திறந்த வாரத்திலேயே படிவங்களை முடித்துவிடுங்கள்.

2. அணியைக் கண்டுபிடிப்பது

லீக் இணையதளத்தில் அணிகளின் பட்டியல் இருக்கும். பிள்ளை படிக்கும் பள்ளிக்கு அணி இருந்தால் அதில்தான் சேர வேண்டும். பக்கத்துப் பள்ளி அணி நன்றாக இருக்கிறதே என்று அங்கே போக முடியாது. பள்ளியில் அணி இல்லையென்றால், பல பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் காம்போசிட் அணியைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் லீக் அலுவலகத்துக்கே எழுதுங்கள்.

தலைமைப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத் தொண்டர்கள், பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். மின்னஞ்சலுக்கு ஒரு வாரம் பதில் வராவிட்டால் சலித்துக்கொள்ளாமல் மறுபடி எழுதுங்கள். முதல் கடிதத்திலேயே பிள்ளையின் வகுப்பு, பள்ளி, இதுவரை எங்கே ஓட்டியிருக்கிறது, சைக்கிள் இருக்கிறதா, நீங்கள் என்ன உதவி செய்ய முடியும் என்று எழுதிவிடுங்கள்.

அந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். பயிற்சியில் ஆறு முதல் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர் என்ற அளவில் ஆள் வேண்டும். எந்தக் குழுவோடும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் போக வேண்டும். பெரியவர்கள் போதாததால்தான் பல அணிகளில் ‘இடமில்லை’ என்று சொல்கிறார்கள். ‘நான் பயிற்சியாளருக்கான லெவல் 1 பாடங்களை முடித்துவிட்டு வருகிறேன்’ என்று ஒரு பெற்றோர் சொன்னால் காத்திருப்புப் பட்டியல் நகரும்.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை: பயிற்சி எந்தக் கிழமை, எந்த டிரெயில் (காட்டு மண்பாதை)? இரவல் சைக்கிள் உண்டா? ஜெர்சி ஆர்டர் எப்போது மூடும்? பெற்றோர் எத்தனை மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும்? ஜெர்சி தேதியைத் தவறவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அளவு சொல்லித் தைத்து வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும், நடுவில் ஒன்று மட்டும் தைத்துத் தர மாட்டார்கள்.

3. பதிவும் ஆவணங்களும்

பதிவு முழுவதும் பிட் ஜோன் என்ற இணைய அமைப்பில் நடக்கும். நீங்களாகப் போய்ச் சேர முடியாது. பயிற்சியாளர் உங்கள் மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்புவார். அப்பா பெயரில் ஒன்று, அம்மா பெயரில் ஒன்று என்று இரண்டு கணக்குத் தொடங்கிப் பிள்ளையை இரண்டிலும் சேர்த்துவிட்டால், கட்டணம் ஓரிடத்திலும் கையெழுத்து இன்னோரிடத்திலும் கிடக்கும். குடும்பத்துக்கு ஒரே மின்னஞ்சல் என்று முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள். அழைப்பு ஸ்பாம் பெட்டியில் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உட்காரும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

- உடல்நலக் காப்பீட்டு அட்டை, மருத்துவர் பெயர், தொலைபேசி எண்
- ஒவ்வாமை, ஆஸ்துமா, இன்ஹேலர் விவரம்
- பெற்றோர் இருவரைத் தவிர, காரில் அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஒருவரின் எண். இந்தியாவில் இருக்கும் தாத்தா எண்ணைக் கொடுத்துப் பயனில்லை
- பள்ளிப் பெயர், வகுப்பு

பிறகு பொறுப்புத்துறப்பு, மூளை அதிர்ச்சி பற்றிய தகவல் படிவங்களில் பெற்றோரும் பிள்ளையும் மின்கையெழுத்திட வேண்டும். ஒரு பெட்டி டிக் ஆகாமல் இருந்தாலும் பதிவு ‘முடியவில்லை’ என்றே காட்டும். அந்த நிலையில் பயிற்சிக்குப் போனால் காப்பீடு கிடையாது, பயிற்சியாளர் திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாம் முடிந்ததும் நிலைமைப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். நம்மில் பலருக்கு அப்பா பெயரே பிள்ளைக்குக் கடைசிப் பெயர். அப்பாவுக்குத் தாத்தா பெயர், அம்மாவுக்கு வேறொன்று. ஒரே வீட்டில் மூன்று கடைசிப் பெயர் இருப்பது தவறே இல்லை. ஆனால் அணிப் பட்டியலில் யார் பிள்ளை யார் என்று தெரியாமல் போகும், பயிற்சியாளரிடம் ஒரு வரி சொல்லிவையுங்கள். பிள்ளையின் பெயரைப் பள்ளிப் பதிவில் இருப்பது போலவே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருந்தவர்களுக்கு விசாவில் முதல் பெயருக்குப் பதில் ‘எஃப்என்யு’, அதாவது ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அடித்திருப்பார்கள். பயிற்சியாளராகச் சேரும் பெற்றோருக்குப் பின்னணிச் சோதனை உண்டு. அதில் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல் எழுதுங்கள். எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாதவருக்கு அந்த எண்ணே இருக்காது. படிவத்தில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடாமல், லீக் அலுவலகத்துக்கு எழுதி வழி கேளுங்கள். இதற்குச் சில வாரம் பிடிக்கலாம் என்பதால் முதல் நாளே தொடங்குங்கள்.

பதிவோடு வரும் விபத்துக் காப்பீடு, உங்கள் சொந்தக் காப்பீடு கொடுத்தது போக மிச்சத்துக்குத்தான். எலும்பு முறிந்தால் முதலில் உங்கள் டிடக்டிபிள்தான் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நீங்கள் கையிலிருந்து கட்டுவது) கரையும். அந்தத் தொகை எவ்வளவு என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் லீக்குக்கு லீக் மாறும். தேசிய உறுப்பினர் கட்டணம், லீக் கட்டணம், அணிக் கட்டணம், ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனிக் கட்டணம் என்று துண்டு துண்டாக வரும். ஜெர்சியும் சேர்த்து 500 முதல் 1,000 டாலர் ஒதுக்கிவைப்பது பாதுகாப்பு. கட்டண உதவித் திட்டங்கள் உண்டு, கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதற்கான விண்ணப்பம் பணம் கட்டுவதற்கு முன்பே போக வேண்டும்.

4. சைக்கிள்

பெரிய கடைகளில் 200 டாலருக்கு விற்கும் ‘மவுண்டன் பைக்’ டிரெயிலுக்கானது இல்லை. சைக்கிளின் சட்டத்தில் (ஃப்ரேமில்) ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் படித்தால் பலவற்றில் கரடுமுரடான பாதையில் ஓட்டாதீர்கள் என்றே போட்டிருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் முன்போர்க்கில் உள்ள சுருள்வில் பெரியவர் எடைக்கானது, 35 கிலோ பிள்ளை ஏறினால் அசையவே அசையாது. எடை மட்டும்தான் கூடும்.

பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் முதல் இரண்டு மூன்று சீசனுக்குத் தாராளமாகப் போதும். பார்க்க வேண்டியவை ஐந்து: காற்றடிக்கும் முன்போர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னால் ஒரே பல்சக்கரம், ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்ற ரிம், சக்கரத்தின் நடுவே ஊடுருவித் திருகும் த்ரூ ஆக்சில் அச்சு. இருக்கையை ஓட்டும்போதே இறக்கும் டிராப்பர் போஸ்ட் இருந்தால் இறக்கங்களில் பிள்ளைக்குத் துணிச்சல் வரும், பிறகு பொருத்திக்கொள்ளவும் முடியும். புதிதாக 800 முதல் 1,500 டாலர், பழையது 500 முதல் 900 டாலர். மோட்டார் வைத்த இ-பைக்கில் பிள்ளைகள் பந்தயம் ஓட்ட முடியாது.

பள்ளி யூனிஃபார்ம் தைப்பது போல வளர்த்திக்கு விட்டு வாங்காதீர்கள். பெரிய சட்டத்தில் கை எட்டாது. எடையைப் பின்னால் கொண்டுபோக முடியாது, வளைவில் முன்சக்கரம் வழுக்கும். பிள்ளை விழுந்துவிட்டு ‘எனக்கு இது வராது’ என்று முடிவு கட்டிவிடும். உத்தேச அளவு இது: 125 முதல் 145 செ.மீ. உயரத்துக்கு 24 அங்குலச் சக்கரம். 140 முதல் 150 வரை 26, அல்லது மிகச் சிறிய சட்டத்தில் 27.5, 155க்கு மேல் 29 அங்குலமும் சரிவரும். பந்தயத்துக்கு எந்தச் சக்கர அளவு செல்லும் என்பது லீக் விதியில் இருக்கும். பிள்ளை குள்ளமாக இருந்தால் வாங்குமுன் பயிற்சியாளரிடம் கேட்டுவிடுங்கள். ஏறி நிற்கச் சொல்லுங்கள், மேல் பைப்புக்கும் கவட்டைக்கும் நடுவே குறைந்தது இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும்.

பழைய சைக்கிள் நல்ல யோசனை. சீசன் முடிந்த வாரங்களில் அணிக் குடும்பங்களே அளவு பத்தாமல் போனதை விற்பார்கள், அதைப் பராமரித்தவர் யார் என்றும் தெரியும். வெளியாளிடம் வாங்கினால் போர்க் குழாயில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் சீல் போயிருக்கும். முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, கழுத்தில் ‘டக்’ என்று ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். செயின் தேய்மானக் கருவி 0.5 குறியைத் தாண்டியிருந்தால் செயின் செலவு நிச்சயம், வெகுவாகத் தாண்டியிருந்தால் கேசட்டும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) சேரும். வரலாறு தெரியாத கார்பன் சட்டம் வேண்டாம்.

பெற்றோர் தமக்கு வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். அலுவலகம் போகும் ஹைப்ரிட்டில் டிரெயிலுக்கு வர வேண்டாம்.

5. சைக்கிளைப் பிள்ளைக்குப் பொருத்துவது

கடையிலிருந்து வரும் எந்த சைக்கிளும் உங்கள் பிள்ளை எடைக்குச் சரிசெய்யப்பட்டிருக்காது. இந்த ஒரு மணி நேர வேலை, கூடுதலாக 500 டாலர் கொடுத்து வாங்குவதை விடப் பலன் தரும்.

*பிரேக் லீவர்.* சின்ன விரலுக்கு லீவர் எட்டாமல் இருப்பதுதான் பிள்ளைகள் இறக்கத்தில் பயப்படுவதற்கு முதல் காரணம். லீவர் அருகே சின்ன அலன் திருகு இருக்கும், பெரும்பாலும் 2 அல்லது 2.5 மி.மீ. அதைத் திருகி லீவரை ஹேண்டில்பார் பக்கம் கொண்டுவாருங்கள். கைப்பிடியைப் பிடித்தபடி ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவர்மேல் மடங்கி உட்கார வேண்டும். பிறகு முழுவதும் அழுத்தச் சொல்லுங்கள், லீவர் கைப்பிடியைத் தொடக் கூடாது.

*ஹேண்டில்பார்.* 140 செ.மீ. பிள்ளைக்கு 760 மி.மீ. அகலம் அதிகம். கைப்பிடிகளை உள்ளே தள்ளி ஓட்டவிட்டுப் பார்த்து, பிடித்த இடத்தில் அறுக்கலாம். முனைகள் மூடியிருக்க வேண்டும். திறந்த குழாய் முனை வயிற்றில் குத்தினால் விபரீதம், பரிசோதனையிலும் நிறுத்திவிடுவார்கள்.

*போர்க் காற்று.* ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் அணிந்து பிள்ளை பெடல்மேல் எழுந்து நிற்கட்டும். போர்க் குழாயில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவைத்து, குலுக்காமல் மெல்ல இறங்கச் சொல்லுங்கள். 100 மி.மீ. போர்க்கில் வளையம் 20 முதல் 25 மி.மீ. நகர்ந்திருந்தால் சரி. குறைவாக நகர்ந்தால் ஷாக் பம்ப்பால் காற்றை இறக்குங்கள். சாதாரண டயர் பம்ப் இதற்கு ஆகாது. மெலிந்த பிள்ளைகளுக்குத் தயாரிப்பாளர் அட்டவணையின் அடிமட்டத்துக்கும் கீழே போக வேண்டிவரலாம். ரீபவுண்டை, அதாவது அழுந்திய போர்க் திரும்பி எழும் வேகத்தை, வேகமான பக்கம் வையுங்கள்.

*டயர் காற்று.* புதியவர்கள் டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவைப் பார்த்து 40 பிஎஸ்ஐ அடித்துவிடுகிறார்கள். டயர் கல்லாகி, ஒவ்வொரு வேரிலும் சைக்கிள் துள்ளும். 2.2 முதல் 2.4 அங்குல டயரில் 35 கிலோ பிள்ளைக்கு ட்யூப்லெஸ் என்றால் 17 முதல் 20, ட்யூப் இருந்தால் 22 முதல் 25 போதும். 70 கிலோ பெரியவருக்கு ட்யூப்லெஸ்ஸில் முன்னால் 21 முதல் 23, பின்னால் 23 முதல் 26. ட்யூப்லெஸ் சீலன்ட் திரவம் ஒரு டயருக்கு 60 முதல் 90 மி.லி. ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சீசன் தொடக்கத்தில் ஊற்றியது கடைசிப் பந்தயம் வரை வராது.

*புது பிரேக்.* மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டாமல் அழுத்தி, நிற்பதற்குச் சற்று முன் விடுங்கள். இப்படி ஒவ்வொரு பிரேக்குக்கும் 15, 20 தடவை. இதைச் செய்யாவிட்டால் பிடிப்பும் வராது, கீச்சென்ற சத்தமும் போகாது. டிஸ்க்கில் எண்ணெய்க் கையோ செயின் ஸ்பிரேயோ படக் கூடாது.

6. உடம்பில், பையில்

ஹெல்மெட் உள்ளே அமெரிக்க அரசின் பாதுகாப்புத் தரத்தைக் குறிக்கும் சிபிஎஸ்சி முத்திரை இருக்க வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, காதுக்குக் கீழே பட்டைகள் கூடும் இடம், தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல். பெண்பிள்ளைகளுக்குக் கொண்டை போட்டால் ஹெல்மெட் முன்னால் சரியும். கழுத்தோடு தாழ்வாக ஒற்றைப் பின்னல் போதும். சங்கிலி, வளையல், தொங்கும் கம்மலைக் கழற்றிவிடுங்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

முழுவிரல் கையுறை, கண்ணாடி, முழங்கால் காப்பு. முதல் சீசனுக்குத் தட்டைப் பெடலும், அடிப்பகுதி சமமான ஷூவும்தான். காலைப் பூட்டும் பெடல் பிறகு வரட்டும்.

பையில் ஒரு ட்யூப் (ட்யூப்லெஸ் ஓட்டினாலும்), டயர் லீவர், சின்ன பம்ப், செயின் வெட்டியுள்ள மல்ட்டிடூல், அறுந்த செயினை இணைக்க அந்த செயினுக்கே உரிய குயிக் லிங்க், டயர் ஓட்டை அடைக்கும் பிளக். கூடவே ஒரு டெரெய்லர் ஹேங்கர், அதாவது பின் கியரைத் தாங்கும் வளையக்கூடிய சின்ன அலுமினியத் துண்டு. சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தால் முதலில் வளைவது அதுதான். மாடலுக்கு மாடல் வேறு என்பதால் கடையில் உடனே கிடைக்காது. 20, 30 டாலர்தான், சைக்கிள் வாங்கும் அன்றே ஒன்று கூடுதலாக வாங்கிவையுங்கள்.

7. குடும்பமாக டிரெயிலில்

பந்தயத்துக்கு முன் குடும்பமாக நிறைய ஓட்டுங்கள். வாரம் இரண்டு முறை அணியோடு போவது மட்டும் போதாது. ஞாயிறு காலை அப்பா அம்மாவோடு போய்ப் பழகிய பிள்ளைக்குப் பந்தயத் தடம் புதிதாகத் தெரியாது.

டிரெயில் பலகையில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். பே ஏரியாவில் தொடங்குபவர்களுக்கு பாலோ ஆல்ட்டோவின் அரஸ்ட்ராடெரோ, சான் ரஃபேல் பக்கம் சைனா கேம்ப், சாண்டா குரூஸில் வைல்டர் ராஞ்ச் மூன்றும் நல்லவை. சான் ஓசேயின் சாண்டா தெரேசா பூங்கா பக்கத்தில் இருக்கிறதே என்று ராக்கி ரிட்ஜுக்கு முதல் வாரமே பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். அது பாறைப் பாதை.

முதல் சில தடவை ஒரு மணி நேரம், 5 முதல் 8 கி.மீ. போதும். ஒரு பெரியவர் முன்னால், பிள்ளையின் வேகத்தில். இன்னொருவர் கடைசியில். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வரும்வரை நிற்பது என்ற விதியை மீறவே கூடாது. பிள்ளை தொலைவது எப்போதும் அங்கேதான். பிள்ளை சோர்ந்து அழும்வரை போகாமல், ‘இன்னொரு சுற்று’ என்று கேட்கும்போதே திரும்பிவிடுங்கள்.

புல்வெளியில் பத்து நிமிடம் பழக்க வேண்டியது இது. இரண்டு பெடலும் தரைக்கு இணையாக, முழங்காலும் முழங்கையும் மடங்கி, இருக்கையிலிருந்து எழுந்து நிற்பது. அதே நிலையில் ஒரு விரலால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, ஒரு கோட்டுக்கு முன் நிற்பது. ‘முன்பிரேக் பிடிச்சா குப்புற விழுவே’ என்று ஊரில் சொல்லிக்கொடுத்ததை இங்கே மறக்க வேண்டும். நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்பிரேக்கில்தான் இருக்கிறது. எடையைப் பின்னால் தள்ளி, மெல்ல அழுத்தப் பழகினால் குப்புற விழுவதில்லை. பின்பிரேக்கை மட்டும் பிடிக்கும் பிள்ளை இறக்கத்தில் சறுக்கிக்கொண்டே போகும், டிரெயிலும் கெடும்.

நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். இறங்குபவர் ஏறுபவருக்கு. குதிரையைக் கண்டால் இறங்கி நின்று பேச்சுக் கொடுங்கள், மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. மழைக்கு மறுநாள் டயர் தடம் ஆழமாகப் பதிந்தால் திரும்பிவிடுங்கள். கலிஃபோர்னியாவில் பாய்சன் ஓக் செடியைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள், மும்மூன்றாக இலை இருக்கும். உரசியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவுங்கள். கைப்பிடி, கையுறை, ஷூவையும் துடைக்க வேண்டும், எண்ணெய் அதிலும் ஒட்டியிருக்கும்.

8. அப்பாவோ அம்மாவோ பயிற்சியாளராவது

பயிற்சியில் பிள்ளையோடு டிரெயிலில் போக வேண்டுமென்றால் பயிற்சியாளர் உரிமம் வேண்டும். லெவல் 1க்குப் பின்னணிச் சோதனை, குழந்தைப் பாதுகாப்பு, மூளை அதிர்ச்சி பற்றிய இணையப் பாடங்கள். சில மாலைகளில் முடிந்துவிடும். வேகமாக ஓட்டத் தெரிய வேண்டும் என்பதில்லை. தொடக்கக் குழுவுக்கு மெதுவாக, பொறுமையாக ஓட்டுபவர்தான் தேவை. லெவல் 2க்கு முதலுதவியும் சிபிஆரும், லெவல் 3க்குக் காட்டுப்புற முதலுதவியும் சேரும். அம்மாக்கள் கண்டிப்பாக யோசியுங்கள். பெண்பிள்ளைகளுக்காக கிரிட் என்று தனித் திட்டமே நடக்கிறது, பெண் பயிற்சியாளர்கள் எங்கும் பற்றாக்குறை.

மூளை அதிர்ச்சி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தலையில் அடிபட்டுத் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் எது வந்தாலும் அன்றைக்கு ஓட்டம் நிறுத்தம். மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை திரும்ப முடியாது. ‘பரீட்சையும் இல்லை, பந்தயமும் இல்லை, ஓய்வெடு’ என்று சொல்ல வேண்டியது பெற்றோர்.

9. பந்தய வார இறுதி

பந்தயப் பதிவு அந்த வாரத்திலேயே மூடிவிடும், காலையில் போய் இடம் கேட்க முடியாது. பந்தய இடங்கள் இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்தில் இருப்பதால் விடுதியைச் சீசன் அட்டவணை வந்த அன்றே, ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் போட்டுவையுங்கள். மொத்தச் செலவில் பயணம்தான் பெரிய பங்கு.

பொதுவாக முதல் நாள் தடத்தைச் சுற்றிப் பார்க்கும் ப்ரீ-ரைடு, மறுநாள் பந்தயம். ப்ரீ-ரைடுக்கு அறிவித்த நேரத்தில், எண் பலகையோடு போக வேண்டும். அந்தப் பலகையில்தான் நேரம் கணக்கிடும் சிப் ஒட்டியிருக்கும். அதை வளைக்கவோ வெட்டவோ கூடாது, சீசன் முழுக்க அதே பலகை. வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பையில் போடாமல் சைக்கிளிலேயே விட்டுவையுங்கள்.

சைக்கிள்மேல் கால் போட்டாலே ஹெல்மெட் பூட்டியிருக்க வேண்டும், கார் நிறுத்துமிடத்திலும்தான். கூட வந்த தம்பி தங்கைக்கும் அப்பாவுக்கும் அதே விதி, மீறினால் அபராதம் அணிக்கு. காதில் இயர்போன் கூடாது. தடத்தை விட்டு வெளியே போனால் போன இடத்திலேயே திரும்ப நுழைய வேண்டும். பஞ்சரானால் தானே ட்யூப் மாற்றப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் கண்காணித்தபடி நான்கைந்து முறை செய்யவிடுங்கள். செயின் அறுந்தாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி முடிக்கலாம்.

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வாரியாக ஓட்டுவார்கள், சுற்றுகள் குறைவு. உயர்நிலையில் வார்சிட்டி என்ற உச்சப் பிரிவுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். புதிதாகச் சேர்ந்த பிள்ளை பின்வரிசையில் நிற்கும், அது நல்லது. முதல் வளைவின் நெரிசலில் மாட்டாது.

சாப்பாடு நம் வீட்டிலேயே இருக்கிறது. பந்தயத்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன் இட்லி, சர்க்கரை தூவியோ தேன் விட்டோ. நெய் மிதக்கும் பொங்கல், வடை, காரச் சட்னி அன்று வேண்டாம், கொழுப்பு வயிற்றில் தங்கி ஏற்றத்தில் புரட்டும். அரை மணி முன் பாதி வாழைப்பழம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பந்தயத்தில் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும், ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம். முடிந்ததும் உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாதம் அல்லது தயிர்சாதம். அணிக் கூடாரத்துக்கும் ஒரு பாத்திரம் கூடுதலாகக் கொண்டுபோங்கள், மிச்சம் வராது.

பெற்றோருக்குத் தொண்டு வேலை ஒதுக்குவார்கள். உங்கள் பிள்ளை ஓட்டும் நேரத்தில் வராதபடி, பட்டியல் திறந்த அன்றே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் தடத்தோரம் நின்று கண்காணிக்கும் மார்ஷல் வேலை கேட்டு வாங்கினால் எல்லாப் பிள்ளைகளையும் பக்கத்தில் பார்க்கலாம்.

10. பந்தயம் வேண்டாம் என்று பிள்ளை சொன்னால்

பயிற்சிக்கு மட்டும் வரலாம். பல அணிகளில் அப்படிப் பிள்ளைகள் உண்டு, பந்தயக் கட்டணமும் மிச்சம். ஒன்றிரண்டு பந்தயத்துக்குப் பார்வையாளராகக் கூட்டிப்போங்கள். கடைசியாக வரும் பிள்ளைக்கும் கூட்டம் மணியடித்துக் கத்துவதைப் பார்த்தபின் சிலர் தாமாகவே பெயர் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம்.

ஆறாம் வகுப்புக்குக் கீழே இருப்பவர்கள் லீக்கில் சேர முடியாது. அவர்கள் யுஎஸ்ஏ சைக்கிளிங் அமைப்பின் உள்ளூர்ப் பந்தயங்களில் சிறுவர் பிரிவைப் பார்க்கலாம். அங்கே வயது, அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று எத்தனை நிறையும் என்பதை வைத்துக் கணக்கு. டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு ஜனவரியிலேயே ஒரு வயது கூட்டிப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.